கேளுங்கள், சொல்கிறேன்: ரோட்டுக்கு அடியில் வெளிநாட்டுப் பணம்

போன மாதம் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் பற்றிய ஒரு கேள்விக்குப் பதில் எழுதும்போது, வருகிற தண்ணீரைப் பற்றி ஊரே பேசுகிறது, குளித்துக் கழுவி வெளியே விடுகிற தண்ணீர் எங்கே போகிறது என்று ஒருத்தரும் கேட்பதில்லை என்று போகிறபோக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். அவ்வளவுதான், தர்மபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர் என்று மூன்று பக்கமிருந்தும் கடிதங்கள். பாதிக்கு மேல் திட்டு. அதனால் இந்த மாதம் முழுக்கப் பாதாள சாக்கடைதான். பட்டா மாறுதல் பற்றிக் கேட்டவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். சாப்பிட்டுக்கொண்டே படிக்கிற பழக்கம் உள்ளவர்கள் தட்டைக் கழுவி வைத்துவிட்டு வரவும்.

கேள்வி: பாதாள சாக்கடைத் திட்டங்களுக்கு வெளிநாட்டு நிதி உதவி வருகிறது என்று பேப்பரில் போடுகிறார்கள். உதவி என்றால் சும்மா கொடுப்பதுதானே? அப்புறம் எதற்கு எங்களிடம் டெபாசிட், மாதக் கட்டணம் என்று கேட்கிறார்கள்? (தர்மபுரி வாசகர்)

உதவி என்ற சொல்தான் ஐயா குழப்பம். மாமன் சீர் கொண்டுவந்த மாதிரி நாம் நினைத்துக்கொள்கிறோம். பெரும்பாலும் அது கடன். உலக வங்கி, ஆசிய வளர்ச்சி வங்கி, ஜப்பான் அரசின் உதவி நிறுவனமான ஜைக்கா, ஜெர்மனியின் அரசு வங்கியான கே.எஃப்.டபிள்யூ, தமிழ்நாட்டு நகரங்களின் குழாய்களுக்குப் பணம் தருகிறவர்களில் இந்த நாலு பெயரைத்தான் அடிக்கடி கேட்பீர்கள். நம் பக்கத்து பேங்க்கைவிட வட்டி குறைவு, தவணை நீளம், முதல் சில வருஷம் அசல் கட்ட வேண்டாம். அந்த அளவுக்குத்தான் உதவி.

கையெழுத்துப் போடுவது மத்திய அரசு. அங்கிருந்து மாநிலத்துக்கு வரும். மாநிலம் அதைக் கொஞ்சம் மானியமாகவும் கொஞ்சம் கடனாகவும் பிரித்து நகராட்சிக்குக் கொடுக்கும். அந்தக் கடன் பங்கை நகராட்சி எதை வைத்து அடைக்கும்? வீட்டு வரியும் உங்கள் டெபாசிட்டும்தான்.

நம் ஊருக்குத் தெரிந்த கணக்கையே சொல்கிறேன். ஒகேனக்கல் திட்டத்துக்கு 2008-இல் ஜப்பான் ஒப்புக்கொண்ட கடன் 2,238 கோடி யென். ரூபாய் இல்லை, யென். கையெழுத்தான சமயத்தில் 100 யென் என்பது சுமார் 40 ரூபாய். 2012-இல் அதே 100 யென் 65 ரூபாயைத் தாண்டிவிட்டது. அப்புறம் இறங்கியது, ஏறியது. வாங்கியது யென்னில், திருப்பிக் கட்டுவதும் யென்னில். வட்டி குறைவு என்று சந்தோஷப்பட்டவர்கள் இந்த ஏற்ற இறக்கத்தையும் சேர்த்துத்தான் கணக்குப் பார்க்க வேண்டும். அதற்காக வாங்கியிருக்கக் கூடாது என்று சொல்ல மாட்டேன். ஃப்ளோரைடு தண்ணீர் குடித்துப் பல் மஞ்சளாகி, நாற்பது வயதில் முட்டி மடங்காமல் போன ஜனங்களை இந்த மாவட்டத்தில் பார்த்தவன் அப்படிப் பேச முடியாது.

சாக்கடைக்கு வரும் கடனில் என்ன கிடைக்கும் என்று கேட்டால், ரோட்டுக்குக் கீழே குழாய், நடுநடுவே மேன்ஹோல், பம்பிங் ஸ்டேஷன், ஊருக்கு வெளியே சுத்திகரிப்பு நிலையம். கிடைக்காதது என்ன என்பதைத்தான் யாரும் கேட்பதில்லை. மோட்டார் ஓடுகிற கரண்ட் பில் அதில் இல்லை. அடைப்பு எடுக்கிற ஆளின் சம்பளம் இல்லை. பல திட்டங்களில் உங்கள் கழிவறையிலிருந்து தெரு சேம்பர் (வீட்டுக் குழாய் வந்து சேருகிற சின்னத் தொட்டி) வரைக்குமான கடைசித் துண்டுக் குழாயும் இல்லை. கோடிக்கணக்கில் செலவழித்த திட்டங்கள் எல்லாம் அந்தக் கடைசித் துண்டில்தான் வந்து மாட்டிக்கொள்கின்றன. அடுத்த கடிதமே அதுதான்.

கேள்வி: எங்களுடையது பழைய காலத்து வீடு. கழிவறை புழக்கடையில் கிணற்றுக்குப் பக்கத்தில். சாக்கடைக் குழாயோ முன்பக்கத் தெருவில். இணைப்புக் கொடுக்கக் கூடத்துத் தரையை உடைக்க வேண்டும் என்கிறார் பிளம்பர். போன வருஷம்தான் டைல்ஸ் போட்டோம். செப்டிக் டேங்க்கே போதும் என்று விட்டுவிடலாமா? (குமாரசாமிப்பேட்டை வாசகி)

டைல்ஸை உடைக்கும் முன்னால் ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு தெருவுக்கு வாருங்கள் அம்மா. உங்கள் வீட்டுக்கு நேரே இருக்கும் சேம்பரின் ஆழத்தை அளக்கச் சொல்லுங்கள். இதைச் செய்யாமல் கடப்பாரையை எடுக்கிற பிளம்பரை நம்பாதீர்கள்.

கணக்கு சுலபம்தான். கழிவுநீர் வாட்டத்தில் ஓடுகிறது, மோட்டாரில் இல்லை. நாலு இஞ்ச் குழாய்க்கு அறுபது அடி நீளத்துக்கு ஓர் அடி இறக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்களுடையது மாதிரிப் பின்கட்டு வீடுகள் வாசலிலிருந்து புழக்கடை வரை அறுபது அடி சாதாரணமாக இருக்கும். கழிவறைக் கோப்பைக்கு அடியிலேயே குழாய் ஒன்றரை அடி ஆழத்தில் கிளம்பும். ஆக வாசலுக்கு வரும்போது வீட்டுத் தரையிலிருந்து இரண்டரை அடி. இதோடு முடிந்தால் பரவாயில்லை. ரோட்டை ஒவ்வொரு தடவையும் பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே போட்டுப் போட்டு, வாசல்படி ஏறிப் போன வீட்டுக்குள் இப்போது படி இறங்கிப் போகிறோம் இல்லையா? வீட்டுத் தரை ரோட்டைவிட ஓர் அடி தாழ்ந்திருந்தால் சேம்பர் ரோட்டு மட்டத்திலிருந்து மூன்றரை அடிக்கு மேல் ஆழமாக இருந்தே ஆக வேண்டும். சேம்பர் மூன்று அடிதான் என்றால் டைல்ஸை உடைத்தும் பிரயோஜனமில்லை, தெருத் தண்ணீர் உங்கள் புழக்கடைக்கு வரும்.

இது நான் ஏட்டில் படித்ததில்லை. கிருஷ்ணகிரி பழையபேட்டையில் என் அக்கா வீட்டில் நடந்தது. பிளம்பர் காலையில் வந்தார், மத்தியானத்துக்குள் கூடம், நடை எல்லாம் உடைத்துக் குழாயைப் போட்டுக்கொண்டே வாசலுக்கு வந்தார், பார்த்தால் சேம்பரின் அடிமட்டத்துக்கு ஒன்பது அங்குலம் கீழே நிற்கிறது குழாய். மாமா ஒன்றும் பேசாமல் உடைத்த டைல்ஸ் துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிச் சாக்கில் போட்டார். அக்கா பேசியதை இங்கே எழுத முடியாது. கடைசியில் கழிவறைக் கோப்பையையே ஓர் அடி மேடை கட்டித் தூக்கிவைத்து, மறுபடி குழாய் போட்டு முடித்தார்கள். இன்றைக்கும் அந்த வீட்டில் கழிவறைக்குப் படி ஏறித்தான் போக வேண்டும். சிம்மாசனம் என்று பிள்ளைகள் பெயர் வைத்திருக்கிறார்கள்.

பக்கத்துச் சந்து வழியாகக் குழாய் போக முடியுமா என்று முதலில் பாருங்கள். பக்கத்து வீட்டுக்காரரோடு பேச்சுவார்த்தை இருந்தால் இரண்டு வீட்டுக்கும் சேர்த்து ஒரே குழாயாகச் சந்தில் கொண்டுவரலாம், செலவும் பாதி. (பேச்சுவார்த்தை இல்லையென்றால் இதுதான் சமயம், ஒரு தட்டுப் பலகாரத்தோடு போங்கள்.) திருப்பத்தில் செங்குத்தாகத் திரும்புகிற நேர் எல்போ போட விடாதீர்கள், பாதி வளைவு இரண்டு போடச் சொல்லுங்கள். நேர் எல்போவில்தான் முதல் அடைப்பு வரும்.

அப்புறம் செப்டிக் டேங்க். டேங்க்கை அப்படியே வைத்துக்கொண்டு அதன் வழிந்தோடுகிற தண்ணீரை மட்டும் சாக்கடையில் சேர்ப்பவர்கள் நிறையப் பேர். டேங்க் நிறைந்தால் மறுபடி லாரிக்குக் காசு, சாக்கடைக்கும் மாதக் கட்டணம், இரண்டு பக்கமும் தண்டம். லாரி வைத்து ஒரேயடியாகக் காலி பண்ணிவிட்டு மண்ணைப் போட்டு மூடிவிடுங்கள்.

கேள்வி: வெளிநாட்டுப் பணத்தில் சாக்கடை போட்டு எந்த ஊராவது உருப்பட்டிருக்கிறதா? மனதைத் தொட்டுச் சொல்லுங்கள். (அரூர் வாசகர்)

மனதைத் தொட்டே சொல்கிறேன், மூன்று ஊர் கதை.

முதலில் எகிப்தின் கெய்ரோ. அங்கே முதல் உலகப் போர் சமயத்தில் வெள்ளைக்காரப் பொறியாளர்கள் போட்ட சாக்கடை, பத்து லட்சத்துக்கும் குறைவான ஜனத்துக்கு என்று கணக்குப் போட்டது. 1980 வாக்கில் ஊரில் ஒரு கோடிப் பேரை நெருங்கிவிட்டார்கள், குழாய் அதே குழாய். தெருவில் முழங்கால் அளவு சாக்கடை நிற்கும், ஜனங்கள் கல்லைப் போட்டு அதன்மேல் தாண்டித் தாண்டி நடப்பார்கள். அமெரிக்க உதவி நிறுவனமும் பிரிட்டனும் வந்து ஊரைப் பாகம் பிரித்துக்கொண்டன. நைல் ஆற்றுக்கு மேற்கே அமெரிக்கப் பணம், கிழக்கே பிரிட்டன் பணம். கிழக்கே 5 மீட்டர் விட்டத்துக்குச் சுரங்கம் குடைந்தார்கள், அதற்குள் நம் டவுன் பஸ்ஸே தாராளமாகப் போகும். அங்கே அவர்கள் கை வைத்தது முதலில் சேகரிப்புக் குழாயில். தண்ணீரை ஒன்று சேர்த்துக் கொண்டுபோக வழி இல்லாமல் சுத்திகரிப்பு நிலையம் கட்டி என்ன பண்ணுவது? கெய்ரோவில் எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன், ஆனால் தெருவில் கல் தாண்டுவது குறைந்தது.

இரண்டாவது யமுனை. ஜப்பான் கொடுத்த 1,777 கோடி யென் கடனில், ஆற்றைச் சுத்தப்படுத்த 1993-இல் யமுனைச் செயல்திட்டம் தொடங்கியது. அங்கே சுத்திகரிப்பு நிலையங்கள் கட்டினார்கள். ஆனால் டெல்லியில் பெரிய குழாய்கள் பல மண்ணடித்து, உடைந்து கிடந்தன. ஊரில் பாதிக்குக் குழாயே கிடையாது. என்ன ஆச்சு? சில நிலையங்கள் போதிய கழிவுநீர் வந்து சேராமல் பாதி வயிற்றோடு ஓடின, அதே நேரத்தில் கழிவுநீரெல்லாம் மழைநீர்க் கால்வாய் வழியாக நேரே ஆற்றுக்குள் போய்க்கொண்டிருந்தது. கல்யாண மண்டபம் கட்டியாச்சு, ரோடு போடவில்லை என்கிற மாதிரி. நிலையத்துக்கு ரிப்பன் வெட்டலாம், போட்டோ எடுக்கலாம். மண்ணுக்குள் இருக்கிற குழாய்க்கு யார் ரிப்பன் வெட்டுவார்? எனக்குத் தெரிந்து பாதிக் கோளாறு இதில்தான்.

மூன்றாவது நம்ம ஆலந்தூர், சென்னைக்குப் பக்கத்தில். இப்போது மாநகராட்சிக்குள் சேர்ந்துவிட்டது, 1990-களில் தனி நகராட்சி. ஆர்.எஸ். பாரதி நகர்மன்றத் தலைவர். பாதாள சாக்கடை போடலாம் என்று முடிவு பண்ணியதும் அவர்கள் செய்த முதல் வேலை குழி தோண்டுவது இல்லை, வீடு வீடாகப் போய்ப் பேசியது. வீட்டுக்கு 5,000 ரூபாய், வணிக இடங்களுக்கு 10,000 ரூபாய் முன்பணம், வேலை ஆரம்பிக்கும் முன்பே. அந்தக் காலத்து 5,000 ரூபாய்! அந்தப் பணத்தைத் தனிக் கணக்கில் போட்டுவைத்தார்கள், வேறு செலவுக்குத் தொடவில்லை. ஜனம் கட்டியது. மீதிக்குத் தமிழ்நாடு நகர்ப்புற வளர்ச்சி நிதியம் கடன் கொடுத்தது, அதற்குப் பின்னால் உலக வங்கிப் பணம் இருந்தது. அமெரிக்க உதவி நிறுவனம் யோசனை சொல்ல ஆள் அனுப்பியது. வீடுகளுக்கு மாதம் 150 ரூபாய் என்று கட்டணம் வைத்தார்கள். இந்தியாவில் வேறு நகராட்சிக்காரர்கள் எல்லாம் போய்ப் பார்த்துவிட்டு வருகிற இடமாக ஆனது. என்னைக் கேட்டால் வித்தியாசம் பணம் எந்த நாட்டுடையது என்பதில் இல்லை. ஆலந்தூரில் குழாய் வருவதற்கு முன்பே வீட்டுக்காரர் இணைந்துவிட்டார். மற்ற இடங்களில் குழாய் வந்து ஐந்து வருஷம் கழித்து நோட்டீஸ் வருகிறது.

கேள்வி: கிருஷ்ணகிரியில் சின்ன டீக்கடை. குழி தோண்டினால் மாதக்கணக்கில் வியாபாரம் படுத்துவிடும். யாரிடம் கேட்பது? ஏன் இவ்வளவு நாள் ஆகிறது?

ஏன் நாள் ஆகிறது என்பதற்கு உங்கள் கால் கீழேயே பதில். நம் இரண்டு மாவட்டமும் பாறை. கிரானைட்டுக்குப் பேர் போன ஊரில் பத்தடி ஆழத்துக்குக் குழி என்றால் ஜேசிபி நாலடியில் நின்றுவிடும், அப்புறம் பிரேக்கர் வைத்து உடைக்க வேண்டும். பக்கத்தில் பழைய சுவர் இருக்கும்போது வெடி வைக்க முடியாது. தஞ்சாவூர் மண்ணில் ஒரு நாளில் முடிகிற நீளம் இங்கே ஒரு வாரம் இழுக்கும்.

நஷ்டத்துக்கு வருகிறேன். வேலை நடக்கும் இடத்தில் போர்டு வைத்திருப்பார்கள், பணம் யாருடையது என்று அதில் போட்டிருக்கும். ஆசிய வளர்ச்சி வங்கிப் பணம் என்றால், வேலையால் தற்காலிகமாகப் பிழைப்புக் கெடுகிறவர்களுக்கு இழப்பீடு கொடுக்க வேண்டும் என்பது அவர்கள் விதியிலேயே இருக்கிறது. தள்ளுவண்டிக்காரர், பட்டா இல்லாமல் நடைபாதையில் கடை போட்டவர் எல்லாரும் அதில் சேர்த்தி. உலக வங்கிக்கும் இந்த மாதிரி விதிகள் உண்டு. ஆனால் அதற்கு வேலை தொடங்கும் முன் எடுக்கிற கணக்கெடுப்பில் உங்கள் கடை இருக்க வேண்டும். கையில் நோட்டோடு சர்வே எடுக்க வந்த பையனுக்கு, "ஓனர் இல்லைப்பா, அப்புறம் வா" என்று சொல்லி அனுப்பினீர்களா? நிறையப் பேர் அப்படித்தான் அனுப்புகிறார்கள், வரி போட வந்திருக்கிறான் என்று நினைத்து. புகார் கேட்க ஓர் ஆளும் பதிவேடும் வைத்தாக வேண்டும் என்பதும் விதிதான். எழுதிக் கொடுத்துவிட்டு நகலில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். வாயால் சொன்னது காற்றோடு போகும்.

குழியை மூடும்போது ஒரு கண் வையுங்கள். மண்ணை மொத்தமாகத் தள்ளி மேலே தார் போட்டால் முதல் மழையில் பள்ளம் விழும். ஒரு அடுக்கு மண், தண்ணீர், திமிசு, அப்புறம் அடுத்த அடுக்கு. இதை நின்று பார்க்கிற ஒரு டீக்கடைக்காரர் இரண்டு சூப்பர்வைசருக்குச் சமம்.

கேள்வி: எங்கள் தெருவில் புதுக் குழாய்தான். அப்படியும் மேன்ஹோல் பொங்குகிறது. தரமில்லாத குழாயா? (இலக்கியம்பட்டி)

இருக்கலாம். ஆனால் குழாயைத் திட்டும் முன் உள்ளே என்ன போகிறது என்று பார்க்க வேண்டும். ஒரு தடவை ஓர் ஊரில் அடைத்துக்கொண்ட மேன்ஹோலைத் திறந்து நான் பக்கத்தில் நின்று பார்த்தபோது வெளியே வந்தவை: ஒரு முழு நைலக்ஸ் புடவை, தேங்காய் மட்டை, கட்டு கட்டாய் நாப்கின், ஒரு கூடை கட்டட மணல், அப்புறம் ஓர் அம்மிக் குழவி. அம்மிக் குழவி எந்தக் கழிவறை வழியாக வந்திருக்கும் என்று நான் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

மழைக்காலத்தில் மட்டும் பொங்குகிறதா என்று கவனியுங்கள். அப்படியென்றால் மொட்டைமாடித் தண்ணீரை யாரோ சாக்கடையில் விட்டிருக்கிறார்கள், இல்லை தெருவில் நிற்கும் மழைத்தண்ணீரை வடிக்க மூடியைத் தூக்கிவிட்டிருக்கிறார்கள். இந்தக் குழாய் மழைக்குப் போட்டது இல்லை. ஒரு தெரு வீடுகளின் கழிவுநீருக்குப் போட்ட குழாய், ஒரு மணி நேர அடைமழைக்கு எப்படித் தாங்கும்?

கோடையிலும் அடைக்கிறது என்றால் வேறு கதை, நம் ஊர்க் கதை. பாதாள சாக்கடை உள்ள ஊருக்கு ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் தண்ணீர் கொடுக்க வேண்டும் என்பது மத்திய அரசின் வழிகாட்டிக் கணக்கு. அதில் 80 சதவீதம் கழிவாகத் திரும்பி வரும் என்று வைத்துத்தான் குழாயின் அளவும் வாட்டமும் போடுகிறார்கள். குழாய்க்குள் தண்ணீர் ஒரு விநாடிக்கு இரண்டடியாவது ஓடினால்தான் மணலும் மற்றதும் தங்காமல் தள்ளிக்கொண்டு போகும். சில நாளுக்கு ஒரு தடவை குழாயில் தண்ணீர் வந்து, டிரம்மில் பிடித்துவைத்து, அரிசி களைந்த தண்ணீரைக் கறிவேப்பிலைக்கும் துணி அலசின தண்ணீரைக் கழிவறைக்கும் ஊற்றுகிற வீட்டில் 135 லிட்டருக்கு எங்கே போவது? சிக்கனம் நல்லதுதான், குழாய்க்குத்தான் அது தெரியாது. தண்ணீர்த் திட்டத்தையும் சாக்கடைத் திட்டத்தையும் இரண்டு தனித்தனி ஃபைலாகப் பார்க்கிற வரைக்கும் இது தீராது.

கேள்வி: பென்னாகரத்துக்கு எப்போது பாதாள சாக்கடை வரும்? நாங்கள் மட்டும் இளக்காரமா?

இளக்காரம் இல்லை தம்பி. சின்ன ஊருக்கு அது வேண்டியதில்லை என்பது என் கட்சி. வீடுகள் தள்ளித் தள்ளி, தண்ணீர் குறைவு, அடியில் பாறை. பத்து வீட்டுக்காக அரை கிலோமீட்டர் பாறை உடைக்க வேண்டும். அதைவிடச் செப்டிக் டேங்க்கை ஒழுங்காகக் கட்டி, இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை லாரி வைத்து எடுத்து, அந்தக் கசடைச் சுத்திகரிக்க ஒரு நிலையம் வைத்தால் போதும். செங்கல்பட்டுப் பக்கம் கருங்குழியில் 2017-இலிருந்து அப்படி ஒரு நிலையம் இருக்கிறது. கோவைக்குப் பக்கத்தில் பெரியநாயக்கன்பாளையம், நரசிம்மநாயக்கன்பாளையம் பேரூராட்சிகளில் இதே வழியைப் பரீட்சித்துப் பார்த்தார்கள். அதற்கு உதவிய பணம் பில் கேட்ஸ் அறக்கட்டளையுடையது, அது திருப்பித் தர வேண்டாத நிஜமான நன்கொடை. முதல் கேள்வி கேட்ட ஐயா கவனிக்கவும்.

ஒழுங்காகக் கட்டி என்று சொன்னேனே, அங்கேதான் உதைக்கிறது. "எங்க டேங்க் கட்டி இருபது வருஷம், ஒரு தடவைகூட நிறையல" என்று பெருமையாகச் சொல்வார்கள். நிறையாத டேங்க் என்றால் அடியில் தளம் இல்லை என்று அர்த்தம், சும்மா உறை இறக்கிய குழி. பாறை வெடிப்பு வழியாக அது எங்கே போகிறது? பக்கத்துப் போர்வெல்லுக்கு. கழிவிலிருந்து வரும் நைட்ரேட் தண்ணீரில் கலந்தால் நிறமும் தெரியாது, ருசியும் தெரியாது. கொதிக்கவைத்தால் போகாது, ஃப்ளோரைடு மாதிரியே. கைக்குழந்தைக்குப் புட்டிப்பால் கலக்கிற தண்ணீரில் அது அதிகம் இருந்தால் ரத்தம் பிராணவாயுவைச் சுமக்க முடியாமல் குழந்தை நீலம் பாய்ந்துவிடும். உறைக்குழிக்காரர்கள் இதைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்கட்டும்.

கேள்வி: கெலவரப்பள்ளி அணையில் நுரை மலையாய்ப் பொங்குகிறது. இதற்கும் நீங்கள் சொல்வதற்கும் சம்பந்தம் உண்டா? (ஓசூர்)

நேர் சம்பந்தம். பெங்களூரின் பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளைத் தாண்டி வருகிற தண்ணீர் தென்பெண்ணையில் சேர்ந்துதான் உங்களுக்கு வருகிறது. சோப்புத்தூளின் நுரைச்சத்து, சரியாகச் சுத்தம் செய்யாத வீட்டுக் கழிவு, ஆலைக் கழிவு எல்லாம் சேர்ந்த தண்ணீர் மதகிலிருந்து விழும்போது முட்டையின் வெள்ளைக்கருவை அடித்த மாதிரி நுரைக்கிறது. இதில் வேடிக்கை, பெங்களூருக்குக் காவிரித் தண்ணீர் கொண்டுபோன குழாய்களுக்கும் பெருமளவு ஜப்பான் கடன்தான். அதாவது காவிரி ஜப்பான் பணத்தில் மேலே ஏறி, பெங்களூரில் குளித்து முடித்து, பெண்ணையாறாக ஓசூரில் இறங்குகிறது. அந்தக் கடனில் சாக்கடைக்கும் பங்கு இருந்தது என்பது நிஜம், ஊர் வளர்ந்த வேகத்துக்குத்தான் குழாய் வளரவில்லை.

கேள்வி: அடைப்பு எடுக்க ஒருவரைக் குழிக்குள் இறக்கினார்கள். நாங்கள் தடுக்கலாமா?

தடுக்கலாம் இல்லை, தடுக்க வேண்டும். 2013-ஆம் வருஷச் சட்டப்படி பாதுகாப்பு இல்லாமல் ஆளை இறக்குவது குற்றம். செப்டிக் டேங்க்கும் அதில் அடக்கம். உள்ளே இறந்தால் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் இழப்பீடு என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது, 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. அவசரத்துக்கு 14420 என்ற எண்ணுக்குப் போன் பண்ணுங்கள்.

ஒன்றை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். குழியில் இருக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு அழுகின முட்டை மாதிரி நாறும். அளவு கூடிப்போனால் மூக்கு மரத்து, நாற்றமே தெரியாது. "நாத்தம் போயிருச்சு, இறங்கலாம்" என்று சொல்கிற அந்த நிமிஷம்தான் ஆளைக் கொல்கிற நிமிஷம். விழுந்தவரைக் காப்பாற்றப் பின்னாலேயே குதிக்கிற அண்ணனும் தம்பியும் சேர்ந்து போவது இப்படித்தான்.

கேள்வி: ராத்திரி எல்லாரும் தூங்கும்போது பாதாள சாக்கடையும் தூங்குமா? (எட்டாம் வகுப்பு மாணவி, காவேரிப்பட்டணம்)

இந்த மாதத்தின் நல்ல கேள்வி இதுதான் கண்ணு. கிட்டத்தட்டத் தூங்கும். காலை ஆறிலிருந்து ஒன்பது மணி வரைக்கும் குழாய் திணறும், சாயங்காலம் மறுபடி கொஞ்சம் ஏறும், ராத்திரி இரண்டு மணிக்கு மேல் நூல் மாதிரி ஓடும். அந்த நேரத்தில் மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பார்ப்பது பொறியாளர்களின் பழைய வித்தை. ஊரே தூங்குகிறபோது குழாயில் மட்டும் தெளிந்த தண்ணீர் நிறைய ஓடினால் அது யார் வீட்டுத் தண்ணீரும் இல்லை, எங்கேயோ குழாய் உடைந்து நிலத்தடித் தண்ணீர் உள்ளே வருகிறது, இல்லை குடிநீர்க் குழாய் கசிகிறது என்று கண்டுபிடித்துவிடலாம்.

வருஷத்தில் ஒரு நாள் மட்டும் இந்தக் கணக்கு தப்பும். தீபாவளியன்று விடிகாலை நாலு மணிக்கே குழாய் நிறைந்து ஓடும், மூடியைத் திறந்தால் சீயக்காய் வாசனை வரும்.